கம்ப்யூட்டர் ஸ்லோ இல்லைங்க, லேட்!

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மைக் மாட்டி எப்போதாவது பாட்டு ரெக்கார்ட் பண்ணிப் பார்த்திருக்கீங்களா? பார்த்திருந்தால் அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாட்டு நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று எண்ணெயில் கடுகு வெடித்த மாதிரி ஒரு ‘டப்’. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அப்பாடா என்று மூச்சு விடும்போது, சரணத்தின் நடுவில், மறுபடியும் ‘டப் டப்’.

இந்தச் சத்தம் வந்தால் எல்லாரும் சொல்கிற பதில் ஒன்றுதான். “சிஸ்டம் பழசு, மாத்திடு.” என் கிளாஸில் சொன்னார்கள். எங்கள் தெருமுனை சர்வீஸ் கடையில் சொன்னார்கள். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத எங்கள் மாமாவும் சொன்னார். கடைக்காரர் ஒரு படி மேலே போய், புது மெஷினுக்கு 65,000 ரூபாய் என்று கொட்டேஷனே எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் பேப்பரின் பின்பக்கத்தில்தான் நான் பிறகு என் கணக்கையெல்லாம் போட்டேன். கடைசியில் எனக்கு ஆன செலவு 2,450 ரூபாய். எப்படி என்று சொல்கிறேன். ஈசிஈ, சிஎஸ்ஈ மக்களுக்கு இதில் நம்ம சிலபஸும் கொஞ்சம் வரும், பயப்படாதீங்க.

முதலில் மெஷின். அப்பா ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டியபோது எடுத்துவந்தது. இன்டெல் ஐ5 நாலாவது தலைமுறை, அதாவது 2013 காலத்து ப்ராசஸர், நாலு கோர். 4 ஜிபி ராம், ஒரே ஒரு ஸ்டிக். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10. பத்து வருஷம் டாலி மட்டுமே பார்த்த ஜென்மம் அது. பெரியப்பா பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது தன்னுடைய கண்டென்சர் மைக்கையும், யூஎஸ்பியில் மாட்டுகிற ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸையும் என்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தான். ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ரீப்பர். வின்ஆம்ப் ஞாபகம் இருக்கா? உங்களுக்கு இருக்காது, உங்க அண்ணனுக்கு இருக்கும். அதை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல்தான் ரீப்பரையும் தொடங்கியவர். 60 நாள் முழுசாக ஓட்டிப் பார்க்கலாம், பழைய மெஷினிலும் லேசாக ஓடும்.

இதுவரைக்கும் எனக்கு இது ஒரு பொழுதுபோக்கு. சித்தி மன்னார்குடியிலிருந்து வந்த பிறகு அப்படி இல்லை.

சித்திக்குத் தைராய்டில் கட்டி. சென்னையில் ஆபரேஷன். டெஸ்ட் எடுக்கவேண்டும் என்று பன்னிரண்டு நாள் முன்னாலேயே கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். டாக்டர் நல்லவர், எல்லாவற்றையும் உட்கார வைத்துச் சொன்னார். குரல் நாண்களை அசைக்கிற நரம்பு தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியே போகிறது, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அறுப்போம், ஆனாலும் சிலருக்குக் குரல் கொஞ்ச நாள் கம்மிப்போகும், பெரும்பாலும் திரும்பிவிடும், ரொம்பச் சிலருக்கு முழுசாகத் திரும்பாமலும் போகலாம் என்றார். சித்தி மேடைப் பாடகி எல்லாம் இல்லை. ஆனால் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்திலும் நலங்குக்கு உட்கார்ந்தால் பாடுவது சித்திதான். ஊஞ்சல் பாட்டு, வளைகாப்புப் பாட்டு, தாலாட்டு எல்லாம் பாட்டியிடமிருந்து வந்தவை. பாட்டி போய் ஆறு வருஷம் ஆகிறது. பழைய டயரி ஒன்றில் மூன்று பாட்டு மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். மீதி எல்லாம் சித்தி தொண்டையில்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது சித்தியே கேட்டார்கள். “ஏண்டி கண்ணு, உன்கிட்ட ஏதோ மைக்கெல்லாம் இருக்குதாமே. போறதுக்கு முன்னாடி பாடி வெச்சிடட்டுமா?”

பதினொரு நாள் இருந்தது.

ஃபோன்ல எடுத்திருக்கலாமே என்று கேட்பீங்க. எடுத்தோம். முதல் நாளே எல்லாப் பாட்டையும் ஃபோனில் எடுத்து வைத்தோம், அது இன்ஷூரன்ஸ். ஆனால் என் ஃபோன் பேச்சுக்காக ட்யூன் பண்ணப்பட்டது. சத்தம் கூடினால் தானாகக் குறைக்கும், குறைந்தால் தானாக ஏற்றும், ஒரே மாதிரி நீளமாக வருகிற மெல்லிய ஒலியை ‘இரைச்சல்’ என்று நினைத்து அமுக்கிவிடும். தாலாட்டில் சித்தி கடைசியில் வாயை மூடி ஒரு ரீங்காரம் இழுப்பார்கள். ஃபோனுக்கு அது மின்விசிறிச் சத்தம் மாதிரி தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பாதியில் தேய்ந்து காணாமல் போயிற்று. எனக்கு அந்த ரீங்காரம்தான் வேண்டும். அதில்தான் நான் தூங்கியிருக்கிறேன்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். மைக் மாட்டி, ரீப்பரைத் திறந்து, சித்தியைப் பாடச் சொன்னால் ‘டப்’.

முதல் துப்பு டாஸ்க் மேனேஜரில் இருந்தது. சத்தம் வெடிக்கிற அதே நேரத்தில் சிபியூ பயன்பாடு 18 சதவீதம். ஹார்ட் டிஸ்க்கும் பெரிய வேலை எதுவும் செய்யவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு மைக், 24 பிட், செகண்டுக்கு 44,100 சாம்பிள். ஒரு சாம்பிளுக்கு 3 பைட். அப்படியென்றால் செகண்டுக்கு 1,32,300 பைட், நிமிடத்துக்கு 8 எம்பி கூட வராது. இந்தப் பழைய டிஸ்க் செகண்டுக்கே அதைவிடப் பல மடங்கு எழுதும். ஆக, ‘மெஷினுக்கு வேகம் பத்தலை’ என்ற தியரி இங்கேயே செத்துவிட்டது. வேகம் வேண்டிய அளவு இருக்கிறது. பிரச்சினை வேறு எங்கேயோ.

ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பரில் ரியல் டைம் சிஸ்டம் என்று இரண்டு மார்க் கேள்வி வரும் இல்லையா? நாம எல்லாரும் மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டுப் போன கேள்வி. ரியல் டைம் என்றால் வேகம் இல்லை, நேரம் தவறாமை. ஆடியோ அதற்கு நல்ல உதாரணம். ஒரு கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. இலையில் உட்கார்ந்திருப்பவர் நிதானமாக, ஒரே வேகத்தில் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அவர்தான் இன்டர்ஃபேஸ். பரிமாறுபவர் சிபியூ. ஒரு தடவை போடுகிற சாதத்தின் அளவுதான் பஃபர். இலை காலியாவதற்குள் பரிமாறுபவர் திரும்பி வந்தாக வேண்டும். அவர் ஒலிம்பிக்கில் ஓடுகிற ஆளாகவே இருக்கட்டும், மண்டப வாசலில் யாராவது அவரைப் பிடித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் இலை காலிதான். அந்தக் காலி இலைதான் ‘டப்’.

பஃபரை 128 சாம்பிள் என்று வைத்தால், 128-ஐ 44,100-ஆல் வகுத்தால், 2.9 மில்லி செகண்ட். அவ்வளவுதான் அவகாசம். 256 என்றால் 5.8. 512 என்றால் 11.6. 1024 என்றால் 23.2. அப்படியானால் நிறையச் சாதம் போட்டுவிட்டால் ஆயிற்றே, 1024 வைத்துவிடலாமே? வைக்கலாம். ஆனால் பாடுபவர் தன் குரலை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே பாடுகிறார். குரல் உள்ளே போக ஒரு பஃபர், வெளியே வர ஒரு பஃபர். 512-லேயே போக வர 23 மில்லி செகண்ட் ஆகிவிடும். ஒலி காற்றில் ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். அதாவது எட்டு மீட்டர் தள்ளி நிற்கிற ஒருத்தர் உங்கள் குரலை உங்களுக்கே திருப்பிச் சொல்கிற மாதிரி. சித்தி ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டார்கள். “யாரோ பின்னாடியே நின்னு பழிச்சுக் காட்டுற மாதிரி இருக்குடி” என்றார்கள். இதைவிடச் சரியாக லேட்டன்சியை எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். மைக்கிலிருந்து வருகிற குரலைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பாமல் நேராக ஹெட்ஃபோனுக்கே கொடுத்துவிடும். தாமதமே கிடையாது. அதைப் போட்டுவிட்டு, பஃபரை 1024-க்கு ஏற்றினேன். சித்தி சிரித்தார்கள், பழிப்புக் காட்டுபவர் போய்விட்டார். ஆனால் ‘டப்’ குறைந்ததே தவிர முழுசாகப் போகவில்லை. அதோடு எப்போதாவது ஒரு தடவை ‘கர்ர்ர்’ என்று நீளமாக ஒன்று வந்தது. இது வேறு ரகச் சத்தம். அப்போதுதான் புரிந்தது, இந்த மெஷினுக்கு ஒரு வியாதி இல்லை, ரெண்டு.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பத்து நிமிடம் வெறும் தம்புரா ட்ராக்கை ஓடவிட்டு எத்தனை ‘டப்’ என்று எண்ணுவது என்று வைத்துக்கொண்டேன். எண்ணுகிற வேலை சித்திக்கு. சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே எண்ணுவார்கள். ஒன்று விடாமல் எண்ணுவார்கள். அவங்க காது அப்படி.

‘டப்’ சத்தத்தைப் பிடித்தது லேட்டன்சிமான் என்ற மென்பொருள். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். விண்டோஸில் ஒவ்வொரு டிரைவரும் எவ்வளவு நேரம் சிபியூவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று பார்த்துப் பெயரோடு சொல்லிவிடும். ஹார்டுவேர் ஏதாவது கூப்பிட்டால் இன்டரப்ட் வரும், அதன் மிச்ச வேலை டிபிசி என்ற வரிசையில் போய் நிற்கும். அந்த வேலை முடிகிற வரைக்கும் அந்த கோரில் வேறு எந்த ப்ரோக்ராமும் ஓடமுடியாது, உங்கள் ரீப்பரும்தான். வாசலில் பிடித்து வைத்துப் பேசுகிற ஆள் என்று சொன்னேனே, அவர்தான் இவர். நல்ல மெஷினில் இது ஒரு மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடும். என் மெஷினில் 4 மில்லி செகண்டைத் தாண்டியது. 2.9 மில்லி செகண்டுக்குள் சாதம் போடவேண்டியவரை 4 மில்லி செகண்ட் பிடித்து வைத்தால் என்ன ஆகும்?

பெயர் ‘என்டிஐஎஸ் டாட் சிஸ்’ என்று காட்டியது. அது விண்டோஸின் சொந்த நெட்வொர்க் ஃபைல். அதைத் திட்டிப் பிரயோஜனமில்லை, அதன் தோளில் ஏறி நிற்பது யார் என்று பார்க்கவேண்டும். ஆபீஸில் யாரோ எப்போதோ செருகி வைத்த ஒரு வைஃபை கார்டு. அதன் டிரைவர் மெஷினைவிடப் பழசு. வைஃபை கார்டு சும்மா இருக்கும்போதும் அக்கம்பக்கத்தில் என்னென்ன நெட்வொர்க் இருக்கிறது என்று அப்பப்போ எட்டிப் பார்க்கும், நம்ம எதிர்வீட்டு ஆன்ட்டி மாதிரி. டிவைஸ் மேனேஜரில் போய் அந்தக் கார்டை டிசேபிள் செய்தேன். லேட்டன்சிமானில் சிவப்புக் கோடு பச்சையானது. பத்து நிமிடம் ஓடவிட்டோம். சித்தி உள்ளேயிருந்து, “என்னடி, நிறுத்திட்டியா? ஒண்ணையும் காணோமே” என்றார்கள்.

செலவு: பூஜ்யம். நேரம்: ஒரு க்ளிக். கொட்டேஷன் கொடுத்த கடையில் யாரும் இதைப் பார்க்கவே இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. 65,000 ரூபாய் எங்கள் வீட்டில் சின்னத் தொகை இல்லை, அதுவும் ஆபரேஷன் செலவு வருகிற மாதத்தில்.

கூடவே சின்னச் சின்னதாகச் சில வேலைகள். பவர் ப்ளானை ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றினேன். கரண்ட் மிச்சம் பிடிக்க ப்ராசஸர் அடிக்கடி தூங்கித் தூங்கி எழும், எழுவதற்கும் நேரம் ஆகும். யூஎஸ்பி போர்ட்டைத் தூங்கவைக்கிற செட்டிங்கையும் அணைத்தேன். இன்டர்ஃபேஸை முன்பக்கப் போர்ட்டிலிருந்து எடுத்து, மதர்போர்டோடு நேராக இருக்கிற பின்பக்கப் போர்ட்டில் மாட்டினேன். ‘ஆசியோ’ டிரைவர் வழியாகத்தான் ஆடியோ போகிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கோங்க. ஸ்டெயின்பர்க் கம்பெனி 1997-இல் கொண்டுவந்தது, விண்டோஸின் மிக்ஸரைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராக இன்டர்ஃபேஸோடு பேசும்.

இனி அந்த ‘கர்ர்ர்’.

இதுவும் லேட்டன்சிமானிலேயே இருந்தது, கீழே ‘ஹார்ட் பேஜ் ஃபால்ட்’ என்ற வரியில். இதுவும் நம்ம சிலபஸ்தான். ராம் பத்தாமல் போனால் விண்டோஸ் கொஞ்சம் பக்கங்களை டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடும். திரும்ப வேண்டும்போது போய் எடுத்துவரவேண்டும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிற டிஸ்க், ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். வேண்டிய இடம் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, 4 சொச்சம். அதற்கு முன்னால் ஹெட் நகரவேண்டும், அது ஒரு 9 அல்லது 10. ஆக ஒரு தடவை போய்வர 13, 14 மில்லி செகண்ட். வரிசையாக ரெண்டு ஃபால்ட் வந்தால் 1024 பஃபரின் 23 மில்லி செகண்டும் காலி. பரிமாறுபவர் தயார், வாளியில்தான் சாதம் இல்லை, ஆள் பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கிறார்.

அன்டிவைரஸ், அப்டேட் என்று பின்னணியில் ஓடியதையெல்லாம் நிறுத்தினேன். ‘கர்ர்ர்’ பாதியானது. பாதி போதாது. தாலாட்டின் நடுவில் ஒன்று வந்தாலும் அந்த டேக் போச்சு. சித்தியின் தொண்டை ஒரு நாளைக்கு இத்தனை பாட்டுத்தான் தாங்கும். கட்டி அழுத்துவதால் நாலைந்து பாட்டுக்கு மேல் இருமல் வந்துவிடும். ஒவ்வொரு டேக்கும் கணக்குத்தான்.

ஆறாவது நாள் ட்ரெயின் பிடித்து ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். போகாதவர்கள் படிப்பு முடிவதற்குள் ஒரு தடவையாவது போய்வாங்க, நம்ம லேபில் இல்லாத எல்லாமும் அங்கே பிளாட்ஃபாரத்தில் கிடக்கும். என் மதர்போர்டில் ராம் ஸ்லாட் ரெண்டு, ஒன்று காலி. டிடிஆர்3 டெஸ்க்டாப் ராம், 8 ஜிபி, பழசு, 650 ரூபாய். புது மெஷின் எல்லாம் டிடிஆர்4, டிடிஆர்5 என்று போய்விட்டதால் இதைக் கேட்க ஆளில்லை. லேப்டாப் ராம் பாதி நீளம்தான் இருக்கும், மாற்றித் தந்துவிடுவார்கள், கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்க. கடையிலேயே மாட்டி ஒரு மெமரி டெஸ்ட் ஓட்டச் சொன்னேன். கடைக்காரர் முறைத்தார், ஆனால் ஓட்டினார். அப்புறம் 240 ஜிபி எஸ்எஸ்டி, 1,450 ரூபாய். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை, ஹெட் இல்லை, போய்வருகிற நேரம் மில்லி செகண்டில் ஒரு சின்னப் பங்குதான். தெர்மல் பேஸ்ட் 150. மூன்று மீட்டர் யூஎஸ்பி கேபிள் 200. கொட்டேஷனின் பின்பக்கத்தில் கூட்டல் போட்டாயிற்று.

அன்றிரவே விண்டோஸைப் புதிதாகப் போட்டு, ரீப்பரும் இன்டர்ஃபேஸ் டிரைவரும் மட்டும் ஏற்றினேன். வேறு எதுவும் இல்லை, ப்ரவுசர்கூடத் திறக்கவில்லை. இந்த மெஷின் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை, மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இன்டெல்லின் எட்டாவது தலைமுறையிலிருந்துதான் ஆரம்பம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டோ 2025 அக்டோபர் 14 வரைதான். நெட் இணைப்பே இல்லாத மெஷினுக்கு அதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை. லினக்ஸ் மக்கள் கையைத் தூக்குவது தெரிகிறது. ஆமாம், ரீப்பர் லினக்ஸிலும் ஓடும், ரியல் டைம் பேட்ச் 2024-இல் 6.12 கெர்னலோடு மெயின்லைனுக்கே வந்துவிட்டது. எனக்கு இருந்தது அஞ்சு நாள். அடுத்த செமஸ்டர் பார்க்கலாம்.

பத்து நிமிடம், பிறகு அரை மணி நேரம் ஓடவிட்டோம். ‘டப்’ இல்லை, ‘கர்ர்ர்’ இல்லை. ஆனால் எல்லாம் அமைதியானதும் அதுவரைக்கும் மறைந்திருந்த ஒன்று கேட்டது: ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். சித்தியுடையது இல்லை, இபியுடையது.

ரீப்பரில் ஸ்பெக்ட்ரம் பார்த்தால் 50 ஹெர்ட்ஸில் ஒரு முள், 100-இல் ஒரு முள். நம்ம ஊர் கரண்ட். கம்ப்யூட்டர் கேபினட்டை வெறுங்காலோடு தொட்டால் மெதுவாகச் சுருசுருவென்று இருந்தது. இந்தச் சுருசுரு உங்கள் வீட்டிலும் இருந்தால் விளையாட்டாக விடாதீங்க. எஸ்எம்பிஎஸ் உள்ளே லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுக்கு ரெண்டு சின்னக் கெபாசிட்டர் இருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினட் பாதி வோல்டேஜில் மிதக்கும். கரண்ட் ரொம்பக் கம்மி என்பதால் சுருசுருவோடு போகிறது, மைக் சிக்னல் மாதிரி சின்னச் சிக்னலுக்கு அதுவே பெரிய சத்தம். எலக்ட்ரீஷியன் அண்ணா வந்து ப்ளக் பாயின்ட்டைக் கழற்றினார். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் வயர் திருகிலிருந்து விடுபட்டுச் சும்மா தொங்கியது. இறுக்கினார். முள் ரெண்டும் படுத்துவிட்டது. இந்த ஹம்முக்கு எர்த் பின்னை வெட்டிவிடு என்று சில பேர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீங்க, அந்தப் பின் உங்க உயிருக்கு.

அப்புறம் ஃபேன் சத்தம். ப்ராசஸர் மேலிருந்த ஃபேனில் ஆடிட்டர் ஆபீஸின் பத்து வருஷத் தூசி. துடைத்து, காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவினேன். சத்தம் குறைந்தாலும் கண்டென்சர் மைக்குக்கு அது கேட்கும். அதனால்தான் மூன்று மீட்டர் கேபிள். கம்ப்யூட்டரை ஹாலில் வைத்துவிட்டு, கேபிளைக் கதவுக்கு அடியில் விட்டு, மைக்கும் இன்டர்ஃபேஸும் மட்டும் படுக்கையறையில். யூஎஸ்பி 2.0-க்கு அஞ்சு மீட்டர் வரைக்கும் பிரச்சினையில்லை. அறையில் அம்மாவின் பட்டுப்புடவை பீரோவைத் திறந்துவைத்து, அதன் முன்னால் சித்தியை உட்கார வைத்தேன். துணி அடுக்கைப் போல எக்கோவை விழுங்குவது எதுவுமில்லை. சுவருக்கு ரெண்டு மெத்தை. ஃபேனை நிறுத்தியாச்சு, வேர்வை ஊற்றியது. நாய், பால் வண்டி, எக்ஸ்பிரஸ் ட்ரெயின் எல்லாம் பார்த்து இரவு பதினொன்றரைக்கு மேல் ஆரம்பித்தோம்.

லெவலைத் தாராளமாகக் குறைத்தே வைத்தேன், உச்சத்தில் மைனஸ் 12 டெசிபல். 24 பிட்டில் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், உடைந்த குரலை ஒட்டவைக்க முடியாது.

ரெண்டு ராத்திரியில் பதினாலு பாட்டு. கதவுக்கு வெளியே ஹாலில் நான் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே அம்மா விசிறியோடு. நலங்குப் பாட்டு ஒன்றில் மாப்பிள்ளை வீட்டாரைக் கிண்டல் பண்ணுகிற இடத்தில் அம்மா சிரித்துவிட்டார்கள், அது அப்படியே ட்ராக்கில் இருக்கிறது, எடுக்கவில்லை. தாலாட்டைக் கடைசியாக வைத்தோம். ரீங்காரம் தேயத் தேய மீட்டரில் பச்சைக் கோடு இறங்கிக்கொண்டே போனது. ஹெட்ஃபோனில் பார்த்தால் அது முடிந்த பிறகும் ஒரு மூச்சு, புடவை சரசரப்பு, அம்மாவின் வளையல். ஒரு ‘டப்’ இல்லை. ஸ்டாப் பட்டனை அழுத்த எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

எல்லா ஃபைலையும் எஸ்எஸ்டியில் ஒன்று, பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, சித்தப்பாவின் பென்டிரைவில் ஒன்று என்று மூன்று இடத்தில் வைத்திருக்கிறோம். அந்தப் பழைய டிஸ்க்கைத் தூக்கிப்போடாதீங்க, பேக்கப்புக்கு அது போதும், அங்கே யாரும் 23 மில்லி செகண்டுக்குள் பதில் கேட்கப் போவதில்லை.

ஆபரேஷன் முடிந்து அஞ்சு வாரம் ஆகிறது. கட்டி சாதாரணக் கட்டிதான் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. சித்தி பேசுகிறார்கள், ஆனால் குரல் கம்மியிருக்கிறது, மேலே போனால் நூல் மாதிரி அறுந்துவிடுகிறது. மூன்று மாதம் பொறுங்கள் என்கிறார் டாக்டர், குரல் பயிற்சியும் சொல்லித்தந்திருக்கிறார்கள். போன ஞாயிறு மன்னார்குடியிலிருந்து ஃபோன். எல்லாவற்றையும் கேட்டார்களாம். ஆறாவது பாட்டில் ரெண்டாவது அடியைப் பாட்டி இழுக்கிற மாதிரி இழுக்கவில்லையாம், குரல் வந்ததும் அதை மட்டும் மறுபடி எடுக்கணுமாம். அந்தக் கரகரத்த குரலிலேயே எப்படி இழுக்கணும் என்று பாடிக் காட்டினார்கள். நான் கால் ரெக்கார்ட் போட்டேன்.

கம்ப்யூட்டர் அப்படியே ஹாலில் இருக்கிறது, வைஃபை இல்லாமல். உங்கள் வீட்டு மெஷினும் ‘டப் டப்’ என்றால் இசிஈ பிளாக் இரண்டாவது மாடியில், மத்தியான லஞ்சில், ஃபைனல் இயர் பெஞ்சில் வந்து பாருங்க. ஜெனரேஷன், ஜிபி எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். வரும்போது லேட்டன்சிமான் ரிப்போர்ட் பத்து நிமிடம் ஓட்டி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு வாங்க.